எவ்விதப் பின்விளைவும் இல்லை

சுகாதார அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ஆறுதல். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. ஊரில் எது கெட்டாலும் அது கெடவில்லை என்று அறிக்கை எழுதுவது ஆறுதலின் உத்தியோகம். குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தபோது, "பொதுமக்கள் அச்சம் கொள்ளத் தேவையில்லை" என்று எழுதியவர் அவர்தான். ஆலைப் புகையில் மாடியில் காய்ந்த துணியெல்லாம் சாம்பல் பூத்தபோதும் தேவையில்லை. மருத்துவமனையின் புதுக் கட்டடத்தில் விரிசல் கண்டபோதும் தேவையில்லை. மறுவாரமே நோயாளிகளைக் கட்டிலோடு கீழே இறக்கினார்கள். இப்படியே போய் ஊர் ஒரு பாடம் படித்துக்கொண்டது. அச்சம் கொள்ளத் தேவையில்லை என்று அறிக்கை வந்தால் அன்று மாலைக்குள் கடையில் தண்ணீர்க் கேன் தீர்ந்துவிடும்.

அந்த வாக்கியத்தை அவர் தனியாளாக எழுதினார் என்றால் அது அநியாயம். அவர் எழுதிக் கொடுப்பதில் விஷயம் இருக்கும். அது முதலில் பிரிவுத் தலைவரிடம் போகும். அவர் ஒரு தோலை உரிப்பார். துணை இயக்குநர் இன்னொன்றை உரிப்பார். இயக்குநர் மிச்சத்தையும் உரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். வெங்காயத்துக்கும் அறிக்கைக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: இங்கே உரித்தவர் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை.

அந்த மாதம் நகரத்தின் வடக்குப் பக்கத்துக் குடியிருப்பில் தட்டம்மை வந்தது. அதன் பின்னாலேயே மெத்தைக்கடைக்காரரின் குரல் வந்தது. ஊரில் எல்லோர் கைபேசியிலும் அவர் பேசினார். "நான் டாக்டர் இல்லைங்க, ஆனா எனக்கும் மூளைன்னு ஒண்ணு இருக்கு" என்றுதான் ஒவ்வொரு பேச்சும் தொடங்கும். இந்த இரண்டில் முதல் செய்தியை யாரும் மறுக்கவில்லை. அவருடைய கொழுந்தியாள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு குழந்தைக்கு அம்மை ஊசி போட்டார்களாம். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் கொதித்ததாம். கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்ததாம். ஆபீஸ்காரர்கள் பின்விளைவே கிடையாது என்று எழுதியிருக்கிறார்களே, அப்படியானால் குழந்தை சும்மா விளையாட்டுக்கு இழுத்ததா என்று கேட்டார். பேச்சின் கடைசியில் முதுகுவலிக்கு ஏற்ற மெத்தைகள் பற்றியும் இரண்டு வார்த்தை இருக்கும். ஊர் முதலில் சிரித்தது. பிறகு பிள்ளைகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது.

மெத்தைக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு ஆறுதலும் பயந்தார். ஆனால் அவர் பயந்தது மெத்தைக்கடைக்காரரை நம்பி அல்ல. தன் அலுவலகத்தை அறிந்து.

குழந்தைகள் மருத்துவரான டாக்டரம்மா ஊசி பற்றிய அந்த அறிக்கைக்காகக் கொடுத்திருந்த குறிப்பு அவருக்கு மனப்பாடம். ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாளில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். உடம்பில் லேசாகத் தடிக்கும். வெகு அபூர்வமாக, சில ஆயிரம் பேரில் ஒரு பிள்ளைக்கு, அந்தக் காய்ச்சலில் வலிப்பு வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் குழந்தைக்குக் கெடுதல் எதுவும் தங்குவதில்லை. அம்மையே வந்தால் நுரையீரலும் மூளையும் பாதிக்கலாம், உயிரும் போகலாம். இரண்டையும் நிறுத்துப் பாருங்கள் என்று அந்தம்மா எழுதியிருந்தார். ஆறுதல் அதை அப்படியே எழுதி மேலே அனுப்பினார். பிரிவுத் தலைவர் வலிப்பு என்பதைச் சிறு அசௌகரியம் என்று மாற்றினார். சிறு என்று சொன்னால் இருக்கிறது என்று ஆகிவிடுகிறதே என்று துணை இயக்குநர் அசௌகரியத்தையும் எடுத்தார். இயக்குநர் பேனாவை எடுத்து, "எவ்விதப் பின்விளைவும் இல்லை" என்று தன் கையால் எழுதி, ஆறுதலைக் கூப்பிட்டு விளக்கமும் சொன்னார்.

"சனங்களுக்குக் கணக்கெல்லாம் ஏறாதுப்பா. ஆயிரத்துல ஒண்ணுன்னு சொன்னா, அந்த ஒண்ணு நம்ம புள்ளதான்னு நினைப்பாங்க."

ஆறுதல் தலையாட்டினார். அவருக்குப் பதினொரு மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அந்த ஒன்று நம் பிள்ளைதான் என்று அந்த நிமிடமே நினைத்துவிட்டார். அதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். இவர்கள் வலிப்பை வெட்டியதைத் தன் கண்ணால் பார்த்தாயிற்று; டாக்டரம்மாவுக்கு மேலேயும் ஒருவர் இருப்பாரே, அவர் எதை வெட்டினாரோ என்று மனம் ஓடியது. சமையல்காரன் தன் கடையில் சாப்பிடமாட்டான் என்பார்களே, அந்தக் கதைதான்.

ஊசி முகாம் நாளில் அவர் மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அவள் கண்ணாடிக் கடையில் லென்சு தேய்ப்பவள். பள்ளி திறக்கும் சமயம், கடையில் கூட்டம். ஆறுதல்தான் வாண்டைத் தூக்கிக்கொண்டு போனார். காத்திருக்கும் அறையில் எதிர்ச் சுவரில் அலுவலகச் சுவரொட்டி இருந்தது. அதில் இயக்குநரின் சிரிப்பு. சிரிப்புக்குக் கீழே எவ்விதப் பின்விளைவும் இல்லை. அதைப் படிக்கப் படிக்க அவர் குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். ஊர் முழுவதையும் சமாதானப்படுத்த எழுதிய வாக்கியம் ஒன்று தன்னை ஏன் இப்படி நடுங்க வைக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. செவிலி கூப்பிட்டதும் எழுந்து, பாப்பாவுக்குச் சளி, இன்னொரு நாள் வருகிறேன் என்றார். வாண்டு அப்போது பூரண ஆரோக்கியத்தோடு அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கடித்துக்கொண்டிருந்தது.

வரும் வழியில் மருந்துக்கடையில் ஒரு வட்டப் பிளாஸ்திரி வாங்கி, குழந்தையின் கையில் ஒட்டினார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். புண் இருக்கிறதா என்று பார்க்காமலே மூடுவது அவர் தொழில்.

"போட்டாச்சா?" என்றாள் மனைவி, செருப்பைக் கழற்றும்போதே.

"போட்டாச்சு."

"அழுதாளா?"

"கொஞ்சம்."

"காய்ச்சல் கீச்சல் வருமாமா?"

"எவ்விதப் பின்விளைவும் இல்லை."

"வீட்டுக்குள்ள ஆபீஸ் பாஷை பேசாதீங்க" என்று சிரித்துவிட்டு, அவள் அந்தப் பிளாஸ்திரியின் மேல் ஒரு முத்தம் வைத்தாள். மறுநாள் வலிக்கக் கூடாதென்று எண்ணெய் தொட்டு மெல்ல உரித்தெடுத்தாள். குத்தின இடமே தெரியவில்லை, அந்த நர்சுக்கு நல்ல கை என்றாள். ஆறுதல் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அதோடும் விட்டாளா? கடையில் போய், எங்க வீட்டுக்காரர் அந்த ஆபீசிலேயே இருக்கிறவர், நல்லது கெட்டது தெரியாமலா போட்டிருப்பார் என்று சொல்லியிருக்கிறாள். அவளை நம்பி, கூட வேலை செய்யும் இரண்டு பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டு வந்தார்கள். மெத்தைக்கடைக்காரரை எதிர்த்து அந்த ஊரில் வென்ற ஒரே பிரசாரம் அதுதான். அதுவும் பொய்யின் மேல் நின்றது.

அலுவலகத்திலும் போட்டாயிற்று என்றே சொல்லிவைத்தார். ஒரு பொய்யை வீட்டில் மட்டும் வளர்க்க முடியாது, தெருவிலும் கொஞ்சம் உலவ விட வேண்டும்.

அம்மை ஊசி பற்றி அலுவலகம் நகர மன்றத்தில் ஏற்பாடு செய்திருந்த பொதுமக்கள் கூட்டம் நடக்கவிருந்த அன்று காலை, குழந்தைகள் காப்பகத்து அக்கா தொலைபேசினாள். மனைவிதான் எடுத்தாள். ஊருக்குப் போய்த் திரும்பியிருந்த ஒரு பையன் முந்தாநாள் மூக்கொழுகலோடு காப்பகத்துக்கு வந்திருக்கிறான். வாண்டும் அவனும் ஒரே விரிப்பில் உருண்டிருக்கிறார்கள். இன்று காலை அவனுக்கு அம்மை என்று தெரிந்துவிட்டது. ஊசி போடாத பிள்ளைகளுக்கு மூன்று நாளுக்குள் போட்டால் தப்பிக்க வழி உண்டு, இன்றைக்கே போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லச் சொன்னாராம்.

"அந்தப் பையன் பாவம்" என்றாள் மனைவி, போனை வைத்துவிட்டு. "நல்ல வேளை, நாம போட்டுட்டோம். காப்பகம் இன்னிக்கு மூடியிருக்காம். கூட்டம் ஆரம்பிக்கற வரைக்கும் நீங்க பாத்துக்கங்க. எனக்கு நேரமாச்சு."

அவள் போய்விட்டாள். ஆறுதல் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார். வாண்டு தரையில் உட்கார்ந்து ஒரு கரண்டியால் தன் முழங்காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அதன் நெற்றியைத் தொட்டார்; சூடில்லை. கன்னத்தைத் தொட்டார், இருக்கிறதுபோல் இருந்தது. தன் கன்னத்தைத் தொட்டார், அதுதான் சுட்டது.

வாண்டை அள்ளிக்கொண்டு ஊசி மையத்துக்கு ஓடினார். கதவு பூட்டியிருந்தது. பொதுமக்கள் விழிப்புணர்வுக் கூட்டத்தை முன்னிட்டு அனைத்துப் பணியாளர்களும் தவறாது மன்றத்தில் கூட வேண்டியிருப்பதால் மையம் இன்று இயங்காது என்று கதவில் தாள் ஒட்டியிருந்தது. நாற்காலி நிரம்பாவிட்டால் மானம் போய்விடும் என்று இயக்குநர் சொன்னதன்பேரில் அந்த உத்தரவை எழுதியது ஆறுதலேதான். வாக்கிய அமைப்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு தனியார் மருத்துவர் இருந்தார். அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டினார். மருந்து தீர்ந்து நாளாகிறது, உங்கள் அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும், நீங்கள் தட்டுப்பாடு இல்லை என்று அறிக்கை விட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது என்றார். நாளை வார விடுமுறை. நாளை என்பதே கணக்கில் இல்லை.

மிச்சம் இருந்தது மன்றம் ஒன்றுதான். கூட்டத்தில் ஊசி போட்டுக் காட்டுவதற்காக மேடையில் மேசை போட்டு, குளிர்ப்பெட்டி வைத்து, டாக்டரம்மாவையும் ஒரு செவிலியையும் உட்கார வைத்திருப்பார்கள். அது இயக்குநரின் யோசனை. பெற்றோர் வரிசையாக மேடையேறிப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொள்ள, அவர் பக்கத்தில் நின்று குழந்தைகளின் தலையைத் தடவ வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆறுதல் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது மன்றம் நிரம்பியிருந்தது. மேடையில் தலை தடவ ஒரு குழந்தைகூட இல்லை. கூட்டத்தின் நடுவில் மெத்தைக்கடைக்காரர் ஒலிவாங்கியைப் பிடித்து நின்றார். ஆள் குரலைவிட ஒல்லியாக இருந்தார்.

"பெரிய பெரிய வார்த்தையெல்லாம் வேணாங்க. உங்க ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க யாராவது சொந்தப் பிள்ளைக்கு இதைப் போட்டிருக்கீங்களா? இருந்தா கையைத் தூக்குங்க."

இயக்குநர் இந்தக் கேள்விக்காகவே சட்டைக்குக் கஞ்சி போட்டு வந்தவர்போல் எழுந்தார். வாசலைக் காட்டி, இதோ வருகிறாரே எங்கள் அலுவலர், கையில் இருப்பது அவர் செல்வம், முதல் ஆளாக ஊசி போட்ட குழந்தை, தாயாரும் இதோ முன்வரிசையில் இருக்கிறார் என்றார். எல்லாத் தலைகளும் திரும்பின. முன்வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். இயக்குநர் அலுவலகம் அவளைக் கடையிலிருந்தே வரவழைத்திருக்கிறது. வேலை உடுப்பில் லென்சுத் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. கணவனைப் பார்த்துப் பெருமையோடு கையசைத்தாள்.

ஆறுதலுக்கு அதன்பின் கால் தரையில் பட்டதாக நினைவில்லை. மேடையேறி, நேராக மேசைக்குப் போய், சத்தமில்லாமல் பாப்பாவுக்கு ஒரு ஊசி போட்டுவிடுங்கள் என்று டாக்டரம்மாவின் காதில் சொன்னார். அந்தம்மா புருவத்தைத் தூக்கினார். போட்டாயிற்று என்றல்லவா இப்போது சொன்னார்கள், முன்னால் போட்டதா இல்லையா என்று தெரியாமல் நான் தொடமாட்டேன் என்றார். அதற்குள் இயக்குநர் சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்துவிட்டார். ஆறுதல் இரண்டே வரியில் விஷயத்தைச் சொன்னார். இயக்குநரின் சிரிப்பு அசையவில்லை. பல்லுக்கு நடுவிலிருந்து பேச்சு வந்தது.

"சிரி. சிரிச்சுக்கிட்டே கீழ இறங்கு. ரெண்டு நாள்ல என் ரூமுக்குக் கூட்டிட்டு வா, கமுக்கமா போட்டுக்கலாம்."

"இன்னிக்கு விட்டா பிரயோசனம் இல்லை சார். மூணு நாள் முடியுது."

"அச்சம் கொள்ளத் தேவையில்லை" என்றார் இயக்குநர்.

இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை யாரும் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. அதைக் கேட்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் ஆறுதலுக்குத் தெரிந்தது. நடு ஆற்றில் விட்டுவிட்டுக் கரையிலிருந்து நீச்சலின் பெருமை பேசுவதைப் போல் இருந்தது. அவர் முன்வரிசையைப் பார்த்தார். மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு இனி தனக்குக் கிடைக்காது என்பதும் தெரிந்தது.

"போடலை" என்றார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார். மேசை மேலிருந்த ஒலிவாங்கி அதை ஊருக்கே சொன்னது. "பாப்பாவுக்கு இன்னும் ஊசி போடலை. போட்டேன்னு பொய் சொன்னேன்."

உடனே மெத்தைக்கடைக்காரர், கேட்டீர்களா, எழுதினவனே போடவில்லை என்று தொடங்கினார். ஆனால் அவரால் அதை முழுசாக அனுபவிக்க முடியவில்லை. மேடையில் ஆறுதல் குழந்தையின் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"போடாத ஆளு இப்ப எதுக்குங்க கையைச் சுருட்டறாரு?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"காப்பகத்துல அம்மை வந்துடுச்சும்மா" என்றார் ஆறுதல். "எனக்கு ஊசியும் பயம்தான். அம்மை அதைவிடப் பயமா இருக்கு."

மனைவி எழுந்து மேடைக்கு வந்தாள். அவள் நடந்து வந்த விதத்தில் துணை இயக்குநர் தானாகவே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவள் அதில் உட்கார்ந்து, ஆறுதலின் கையிலிருந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆளைத் தொடாமல் பிள்ளையை மட்டும் வாங்குவது எப்படி என்று அன்று அவர் கற்றுக்கொண்டார்.

"டாக்டரம்மா, இதுக்கப்புறம் என்னென்ன வரும்? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள்.

டாக்டரம்மா சொன்னார். காய்ச்சலைச் சொன்னார், தடிப்பைச் சொன்னார். வலிப்பு என்ற சொல் வரும்போது இயக்குநர் எட்டி ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். அந்தம்மா அவர் கையை, ஊசிக்கு அடம்பிடிக்கும் பிள்ளையின் கையை எடுப்பதுபோல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தொடர்ந்தார். எத்தனை பேரில் ஒருவருக்கு வரும், வந்தால் எப்படிப் படுக்க வைக்க வேண்டும், எப்போது தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். அம்மை வந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே குரலில் சொன்னார். அந்தக் குரலில் தேனும் இல்லை, மிளகாயும் இல்லை.

"நீங்க கடைசி நேரத்துல வந்திருக்கீங்க. இது கண்டிப்பாத் தடுத்துடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். தடுக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"அவ்வளவு போதும். போடுங்க."

வாண்டு மன்றமே அதிர அழுதது. அந்த அழுகைக்கு நடுவில், முன்பு பின்னாலிருந்து குரல் கொடுத்த அதே பெண், காய்ச்சல் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டாள். டாக்டரம்மா பதில் சொன்னார். இன்னொருவர் போன வருடம் வலிப்பு வந்த பிள்ளைக்குப் போடலாமா என்றார். அதற்கும் பதில் வந்தது, நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று. கூட்டம் முடிவதற்குள் ஏழெட்டுப் பேர் பிள்ளைகளோடு மேசைக்கு வந்தார்கள். நிறைய பேர் வராமலே வீட்டுக்குப் போனார்கள். இயக்குநர் ஒரு தலையையும் தடவவில்லை.

அன்று மாலை மெத்தைக்கடைக்காரரின் குரல் எல்லோர் கைபேசிக்கும் வந்தது. ஆபீஸ்காரனே பொய்யை ஒத்துக்கொண்டான் என்றது. ஒத்துக்கொண்ட கையோடு ஊசி போட்டதை அது சொல்லவில்லை. அலுவலகத்தின் அறிக்கையும் வந்தது. பொதுமக்களின் பேராதரவோடு கூட்டம் இனிதே நிறைவுற்றது என்றது. பொய்யைப் பற்றி அது சொல்லவில்லை. இரண்டு பேரும் உரிப்பதில் ஒரே பள்ளிக்கூடம்தான். ஆறுதலிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்புவதென்று முடிவாயிற்று. பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் அலுவலகத்தில் அவர் ஒருவரே என்பதால் அதையும் அவரே எழுதி, அவரே வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் ஒரு வேளை சாப்பாட்டோடு போயிருக்கும். அவள் தேவையானதை மட்டும் பேசினாள். பால் தீர்ந்துவிட்டது, கதவைச் சாத்துங்கள், குழந்தை தூங்குகிறது. குழந்தைக்கு அருகில் அவர் போனால் அவள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கடையில் அவளை நம்பி ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பெண்களிடமும் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். அவளால்தான் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் வாண்டுக்குக் காய்ச்சல் வந்தது.

ஊசிக் காய்ச்சல் வரவேண்டிய சமயமும் அதுதான். அம்மை தலைகாட்ட வேண்டிய சமயமும் அதுதான். இரண்டில் எது என்று நெற்றியில் எழுதியா இருக்கும்? ஆறுதல் அறைக்கும் சமையலறைக்கும் நடந்தார். மனைவி அவரை எதுவும் கேட்கவில்லை. டாக்டரம்மாவைத் தொலைபேசியில் பிடித்தாள். இருமல் இருக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா, வாய்க்குள் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று அந்தம்மா கேட்கக் கேட்க, கைபேசி வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். எவ்வளவு சூடு என்று கேட்டார் டாக்டரம்மா. குழந்தையின் கைக்கடியில் இருந்த வெப்பமானியை ஆறுதல் எடுத்தார்.

"பயப்படற அளவுக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார்.

"நம்பரை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"நூத்தி ரெண்டு."

அவள் கையை நீட்டி வெப்பமானியை வாங்கி, லென்சைத் தூக்கிப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நூற்று இரண்டுதான். அதைத்தான் தொலைபேசியில் சொன்னாள்.

மருந்து கொடுத்தார்கள். ஈரத்துணியால் துடைத்தார்கள். அவர் எண்ணைச் சொல்வதும் அவள் வாங்கிப் பார்ப்பதுமாகவே அன்றைய பொழுது போயிற்று. குழந்தை கொஞ்சம் அசைந்தாலும் இருவருக்கும் உயிர் போய் வந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் இன்னும் கணவன் மனைவியாக இருந்தார்கள். மறுநாளும் காய்ச்சல் இருந்தது. அதற்கு மறுநாள் இறங்கியது. மூக்கு ஒழுகவில்லை, கண் சிவக்கவில்லை. டாக்டரம்மா நேரில் பார்த்துவிட்டு, ஊசிக் காய்ச்சலாகத்தான் தெரிகிறது, இருந்தாலும் இன்னும் சில நாள் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஆறுதல் இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு" என்றார். வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

மனைவி வாங்கிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டுத்தான். அவர் உறையை எடுத்து நீட்டினார். அவள் வெப்பமானியைத் துடைத்து, உறையில் போட்டு, அவர் கையில் திருப்பிக் கொடுக்காமல், வேலைக்கு எடுத்துப்போகும் தன் பையில் வைத்துக்கொண்டாள்.